ஸ்மால் பிளைண்டில் எந்தக் கைகளை ஆடுவது: படிப்படியான முழு வழிகாட்டி

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரை நண்பர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது, அவர்களுடைய சிப்புகள் எந்த இருக்கையில் கரைகின்றன என்பதைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பெரும்பாலானோருக்கு அது ஸ்மால் பிளைண்ட்தான், அதாவது சீட்டு வருவதற்கு முன்பே சிறிய கட்டாயப் பந்தயத்தை வைக்க வேண்டிய இருக்கை. கைகளின் தரவரிசையை நன்றாக அறிந்தவர்களும், டீலர் இருக்கையான பட்டனில் அழகாக ஆடுபவர்களும் இந்த இருக்கைக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லாததே இதற்குக் காரணம். அந்த வரிசையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

பந்தயச் சுற்றுகளின் ஒழுங்கும் கைகளின் தரவரிசையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கட்டு, சிப்புகள், 13 வரிசையும் 13 நிரலும் கொண்ட கட்டம் வரைந்த ஒரு தாள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் மூலைவிட்டத்தில் ஜோடிகளையும், அதற்கு மேலே ஒரே சின்னத்தில் அமையும் சூட்டட் கைகளையும், கீழே வெவ்வேறு சின்னத்தில் அமையும் ஆஃப்சூட் கைகளையும் எழுதினால் மொத்தம் 169 கட்டங்கள் நிரம்பும்.

கட்டங்கள் எல்லாம் சம எடை கொண்டவை அல்ல. இரண்டு சீட்டுகள் மொத்தம் 1,326 விதங்களில் அமையலாம். அவற்றில் ஒரு ஜோடி 6 விதங்களிலும், ஒரு சூட்டட் கை 4 விதங்களிலும், ஓர் ஆஃப்சூட் கை 12 விதங்களிலும் வரும். ஒரே ஓர் ஆஃப்சூட் கையைக் கூடுதலாகச் சேர்ப்பது மூன்று சூட்டட் கைகளைச் சேர்ப்பதற்குச் சமம் என்பதை மறக்க வேண்டாம். தாங்கள் இறுக்கமாக ஆடுவதாக நம்பும் பலர் உண்மையில் மிகத் தளர்வாக ஆடுவதற்கு இந்தக் கணக்கு தெரியாமையே காரணம்.

கீழே வரும் எண்கள் அனைத்தும் ஆறு இருக்கை கொண்ட, பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத நோ-லிமிட் மேசைக்கு உரியவை. ஸ்மால் பிளைண்ட் 50, அதற்கு அடுத்த இருக்கையின் கட்டாயப் பந்தயமான பிக் பிளைண்ட் 100, ஒவ்வொருவர் முன்னும் 10,000 சிப்புகள், ஆன்ட்டி எனப்படும் கூடுதல் கட்டாயப் பந்தயம் இல்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்திருப்பதால், இங்குள்ள வாசகர்கள் வீட்டு மேசையில் பணமில்லாச் சிப்புகளைக் கொண்டே பழகலாம்.

1. வைத்த 50 சிப்புகளைக் கணக்கிலிருந்து விலக்குங்கள்

ஸ்மால் பிளைண்டாக வைத்த 50 சிப்புகள் சீட்டு வருவதற்கு முன்பே உங்களை விட்டுப் போய்விட்டன. அவை இப்போது நடுத்தொகையைச் சேர்ந்தவை. “பாதி கட்டியாயிற்று, மீதியையும் கட்டிப் பார்ப்போம்” என்ற எண்ணமே இந்த இருக்கையில் நடக்கும் முதல் பிழை. மற்ற பிழைகளில் பல அதிலிருந்தே கிளைக்கின்றன.

கையை வீசிவிட்டால் உங்கள் இழப்பு 50 சிப்புகளோடு முடிகிறது. ஆகவே ஒவ்வொரு கைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை ஆடினால், நீண்ட கால சராசரியில், இழப்பு 50ஐ விடக் குறையுமா? குறையும் என்றால் ஆடுங்கள், இல்லையென்றால் வீசுங்கள். ஸ்மால் பிளைண்டில் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களும் மொத்தத்தில் நட்டத்தில்தான் இருப்பார்கள். கட்டாயப் பணமும் மோசமான இருக்கையும் சேர்ந்த இடம் இது என்பதால், இங்கே லாபத்தைத் தேடுவதை விட நட்டத்தைச் சுருக்குவதே நம் வேலை.

இந்த அளவுகோலை மனத்தில் ஊன்றாமல் கைப்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள், தொடர்ந்து பத்துக் கைகளை வீசியதும் பொறுமை இழந்து பட்டியலைத் தாண்டிவிடுகிறார்கள்.

2. சீட்டைப் பார்க்கும் முன் மேசையைப் பாருங்கள்

சீட்டு விழுந்ததும் முனையைத் தூக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஸ்மால் பிளைண்டில் அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். உங்கள் முறை வரும்போது, உங்களுக்கு முன் நான்கு பேர் செயல்பட்டிருப்பார்கள். யார் விலகினார், யார் எந்த இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்), எவ்வளவுக்குச் செய்தார், நடுவில் யாராவது கால் செய்தாரா (அதே தொகையைக் கட்டினாரா) என்பவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு, அதன் பிறகு சீட்டைப் பாருங்கள்.

அழகான சீட்டைப் பார்த்துவிட்ட மனம், மேசையில் நடப்பதை அந்தச் சீட்டுக்குச் சாதகமாகவே படிக்கத் தொடங்கிவிடும். கிங்கும் ஜாக்கும் கையில் இருந்தால், முதல் இருக்கைக்காரரின் ரெய்ஸ்கூட ஏமாற்று வேலையாகத் தோன்றும்.

ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகள், விரிந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பதும் இந்த இடத்திலேயே நினைவுக்கு வர வேண்டும். மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமலே நீங்கள் முடிவெடுப்பீர்கள். அவரோ உங்கள் முடிவைப் பார்த்துவிட்டுத் தன் முடிவை எடுப்பார். இதனால் ஒரு கைக்குக் காகிதக் கணக்கில் உள்ள வெற்றி வாய்ப்பு முழுவதும் உங்கள் கைக்கு வந்து சேராது. நடுத்தரமான கைகளே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேசையில் இருவர் மட்டுமே ஆடும்போது பட்டனில் இருப்பவரே ஸ்மால் பிளைண்டையும் வைக்கிறார். ஃப்ளாப்புக்குப் பிறகு அவரே கடைசியாகப் பேசுகிறார். அந்த ஆட்டத்தில் பெரும்பாலான கைகளை ஆடலாம். அதற்கென உள்ள பட்டியலை ஆறு பேர் மேசைக்கு எடுத்து வருவது பெரும் தவறு.

3. எல்லோரும் விலகி உங்களிடம் வந்தால்

பிக் பிளைண்டில் ஒருவர் மட்டுமே மிச்சம் இருக்கிறார். ஸ்மால் பிளைண்டில் நீங்கள் மிக விரிவாக ஆடக்கூடிய நேரம் இதுவே.

ரெய்ஸ் செய்யாமல் வெறுமனே 50 சிப்பைச் சேர்த்து உள்ளே நுழைய, அதாவது லிம்ப் செய்ய, 100க்கு 25 பங்கு வாய்ப்பே தேவை, ஏனென்றால் 50 கொடுத்து மொத்தம் 200க்குப் போட்டியிடுகிறீர்கள். இந்த மலிவு பலரைக் கவர்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களும் இங்கே லிம்ப் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏஸ் ஜோடி போன்ற வலுவான கைகளையும் அவ்வப்போது லிம்ப்பில் ஒளித்து வைப்பதால், பிக் பிளைண்டில் இருப்பவர் அதை அச்சமின்றித் தாக்க முடியாது. புதியவர்கள் பலவீனமான கைகளை மட்டும் லிம்ப் செய்து, நல்ல கைகளை ரெய்ஸ் செய்கிறார்கள். அரை மணி நேரத்தில் எதிரில் இருப்பவர் இதைப் படித்துவிடுவார்.

ஆகையால் முதல் சில மாதங்களுக்கு லிம்ப்பை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, 300க்கு ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் (கையை வீசுதல்) என்ற இரண்டே வழிகளில் ஆடுங்கள். நான் பழக்கும் பட்டியல் இது.

ஜோடிகள்: 2 முதல் ஏஸ் வரை அனைத்தும்.

சூட்டட் கைகள்: ஏஸுடன் எந்தச் சீட்டும், கிங்குடன் எந்தச் சீட்டும், குயினுடன் 4 அல்லது அதற்கு மேல், ஜாக்குடன் 6 அல்லது அதற்கு மேல், 10உடன் 6 முதல் 9 வரை, 9உடன் 6, 7, 8, 8உடன் 6, 7, 7உடன் 5, 6, 6-5, 5-4.

ஆஃப்சூட் கைகள்: ஏஸுடன் எந்தச் சீட்டும், கிங்குடன் 8 அல்லது அதற்கு மேல், குயினுடன் 9 அல்லது அதற்கு மேல், ஜாக்குடன் 9, 10, 10-9, 9-8.

எண்ணிப் பார்த்தால் ஜோடிகள் 78, சூட்டட் 196, ஆஃப்சூட் 288, ஆக மொத்தம் 562 விதங்கள். 1,326இல் இது 100க்கு 42 பங்கு.

ஏன் 300? நீங்கள் கூடுதலாக வைக்கும் 250 சிப்புகள், நடுவில் இருக்கும் 150ஐ வெல்வதற்காக. பிக் பிளைண்ட் 100க்கு 62.5 முறைக்கு மேல் விலகினால் உங்கள் சீட்டு எதுவாக இருந்தாலும் லாபம். நல்ல ஆட்டக்காரர் அவ்வளவு விலகமாட்டார் என்பதாலேயே கைக்கும் மதிப்பு இருக்க வேண்டும். வெறும் 200க்கு ரெய்ஸ் செய்தால், இன்னும் 100 சிப்பு கொடுத்து 400க்குப் போட்டியிடும் வாய்ப்பை அவருக்கு வழங்குகிறீர்கள். கடைசியாகப் பேசும் வசதியும் அவரிடமே இருப்பதால் ஏறக்குறைய எந்தச் சீட்டோடும் வந்துவிடுவார்.

அவர் 900க்கு மறுரெய்ஸ் செய்தால் 600 கொடுத்து மொத்தம் 1,800க்குப் போட்டியிட வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு தேவை. நடுத்தர ஜோடிகள், பெரிய சூட்டட் கைகள் ஆகியவற்றோடு கால் செய்யலாம். குயின் ஜோடிக்கு மேலும், ஏஸ்-கிங்கும் திருப்பி அடிக்கும் கைகள். சின்னச் சீட்டோடு வரும் ஆஃப்சூட் ஏஸ்களை வருத்தமின்றி வீசுங்கள். அவற்றின் பணி, முதல் ரெய்ஸிலேயே நடுத்தொகையை வெல்ல முயல்வது. அது நிறைவேறாதபோது அவற்றைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

4. பட்டனிலிருந்து ரெய்ஸ் வந்தால்

அதிகச் சிப்புகள் வீணாகும் இடம் இது. பட்டன் 250க்கு ரெய்ஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கால் செய்ய 200 தேவை. நடுவில் ஏற்கெனவே 400 இருக்கிறது. மொத்தம் 600க்கு 200 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதே ரெய்ஸுக்குப் பிக் பிளைண்டில் இருப்பவர் 150 கொடுத்து 550க்குப் போட்டியிடுவதால் அவருக்கு 100க்கு 27 போதும். அவருக்குப் பின்னால் பேச யாரும் இல்லை. உங்களுக்குப் பின்னால் அவர் இருக்கிறார். நீங்கள் கால் செய்த பிறகு அவர் பெரிதாக ரெய்ஸ் செய்தால், உங்கள் 200 ஃப்ளாப்பைக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

ஒரு கையை அருகிலிருந்து பார்ப்போம். நான் கற்றுக்கொடுத்த ஒருவர் ஸ்மால் பிளைண்டில் ஸ்பேடு கிங்கும் ஹார்ட் 8உம் வைத்திருந்தார். பட்டன் 250 வைத்ததும் 200 சேர்த்துக் கால் செய்தார். பிக் பிளைண்ட் விலகினார். நடுத்தொகை 600. ஃப்ளாப்பில் டைமண்ட் கிங், கிளப் 7, ஸ்பேடு 4 விழுந்தன. எதிர்பார்த்த சீட்டு வந்துவிட்டது என்று அவர் முகம் மலர்ந்தது. அவர் செக் செய்ய, பட்டன் 300 வைத்தார், இவர் கால். அடுத்து 2 விழுந்தது. பட்டன் 800, இவர் கால். கடைசியில் 9 விழுந்தது. பட்டன் 1,800, இவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டுக் கால். பட்டன் கிங்-குயினைக் காட்டினார். 50 சிப்பைக் காப்பாற்றப் போனவர் 3,100 சிப்புகளைக் கூடுதலாக இழந்தார்.

ஃப்ளாப்புக்குப் பிறகு அவர் பெரிய பிழை எதுவும் செய்யவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. கிங்கில் ஜோடி அமைந்தவர் அவ்வளவு எளிதில் விலக முடியாது. பிழை முதல் 200இலேயே நடந்துவிட்டது: விழ வேண்டிய சீட்டு விழுந்தாலும் பக்கத்துச் சீட்டில் தோற்கும் கையைத் தேர்ந்தெடுத்ததுதான் அந்தப் பிழை.

இதனால் பட்டனின் ரெய்ஸுக்கு எதிராகவும் இரண்டே வழிகள்: 1,100க்கு மறுரெய்ஸ், அதாவது த்ரீ-பெட், இல்லையேல் ஃபோல்ட். த்ரீ-பெட் செய்தால் பிக் பிளைண்ட் பெரும்பாலும் விலகிவிடுகிறார், நடுவில் இருக்கும் 400ஐ உடனே வெல்லும் வாய்ப்பு கிடைக்கிறது, ஃப்ளாப்பில் முதலில் பேசினாலும் தாக்குபவர் நீங்களாகவே இருக்கிறீர்கள். ஆடும் கைகள் இவை.

ஜோடிகள்: 7 முதல் ஏஸ் வரை. சூட்டட்: ஏஸுடன் 9 அல்லது அதற்கு மேல், ஏஸ்-5, ஏஸ்-4, கிங்குடன் 9 அல்லது அதற்கு மேல், குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10, 10-9. ஆஃப்சூட்: ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின்.

மொத்தம் 156 விதங்கள். 100க்கு 12 பங்கு. எல்லோரும் விலகிய நேரத்துப் பட்டியலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஏஸ்-5, ஏஸ்-4 சூட்டட் கைகள் ஏன் இருக்கின்றன, ஏஸ்-8 ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்களிடம் ஓர் ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமையும் விதங்கள் 6லிருந்து 3ஆகவும், ஏஸ்-கிங் அமையும் விதங்கள் 16லிருந்து 12ஆகவும் குறைகின்றன. அவர் திருப்பி அடிக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குச் சுருங்குகிறது. ஏஸ்-8க்கும் இந்த நன்மை உண்டு. ஆனால் சிறிய சீட்டு 5 அல்லது 4ஆக இருக்கும்போது, கால் செய்யப்பட்டாலும் ஏஸ் முதல் 5 வரையிலான ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் அமைய வழி உண்டு. ஏஸ்-8 சூட்டட் கைக்கு ஃப்ளஷ் உண்டு, இரண்டு சீட்டும் சேர்ந்து அமையும் ஸ்ட்ரெய்ட் இல்லை.

சிறிய ஜோடிகளைக் கால் செய்து மூன்று ஒரே எண்ணை எதிர்பார்க்கலாமே என்பது அடுத்த கேள்வி. ஃப்ளாப்பில் அது அமையும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒன்று. அமையாத ஏழரை முறையும் 200 வீதம் 1,500 சிப்புகள் போகின்றன. அமைந்த ஒரு முறை நடுவில் இருந்த 400 கிடைத்தாலும், எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 1,100 வர வேண்டும். பட்டனில் இருப்பவர் பாதிக்கு நெருங்கிய கைகளோடு ரெய்ஸ் செய்பவர். அவரிடம் அவ்வளவு கொடுக்கும் கை பல நேரம் இருக்காது.

ஆட்ட அரங்கு ஒவ்வொரு நடுத்தொகையிலிருந்தும் ரேக் என்ற கட்டணத்தை எடுத்தால், ஃப்ளாப் விரியும் ஆட்டங்களே அதற்கு இரையாகின்றன என்பதால், கால் செய்வது இன்னும் மோசமாகிறது. ரேக் எடுக்காத வீட்டு மேசையில், பிக் பிளைண்டில் இருப்பவர் அமைதியானவர் என்றால், 5 அல்லது 6 ஜோடியோடும் சில சூட்டட் கைகளோடும் எப்போதாவது கால் செய்வதை நான் தடுப்பதில்லை.

5. முன் இருக்கைகளிலிருந்து ரெய்ஸ் வந்தால்

ரெய்ஸ் எவ்வளவு முன்னால் இருக்கும் இருக்கையிலிருந்து வருகிறதோ அந்த அளவுக்கு அது வலுவானது. அந்த அளவுக்கு உங்கள் மறுரெய்ஸ் பட்டியலும் சுருங்க வேண்டும்.

பட்டனுக்கு முந்தைய கட்-ஆஃப் இருக்கையிலிருந்து வந்தால்: 9 முதல் ஏஸ் வரை ஜோடிகள், சூட்டட்டில் ஏஸுடன் 10 அல்லது மேல், ஏஸ்-5, கிங்குடன் 10 அல்லது மேல், குயின்-ஜாக், ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின். மொத்தம் 108 விதங்கள், 100க்கு 8.

முதல் இருக்கையிலிருந்து, அதாவது பிக் பிளைண்டுக்கு அடுத்த இருக்கையிலிருந்து வந்தால்: 10 முதல் ஏஸ் வரை ஜோடிகள், சூட்டட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-5, கிங்-குயின், கிங்-ஜாக், ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங் மட்டும். மொத்தம் 66 விதங்கள், 100க்கு 5.

ஆஃப்சூட் ஏஸ்-குயினை வீசச் சொல்லும்போது எல்லோரும் தயங்குகிறார்கள். கையில் படம் போட்ட சீட்டும் ஏஸும் இருக்கின்றன. வீச மனம் வராது. முதல் இருக்கையில் ரெய்ஸ் செய்பவர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக் கைகளையே ஆடுகிறார். அவர் உங்கள் மறுரெய்ஸைத் தாங்கி நிற்கும் கைகளை எண்ணிப் பாருங்கள்: ஏஸ்-கிங், ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி. இவை ஒவ்வொன்றுக்கும் எதிராக நீங்கள் வெகுதூரம் பின்தங்கியிருக்கிறீர்கள்.

6. முன்னால் லிம்ப் செய்தவர்கள் இருந்தால்

இருவர் 100 வீதம் லிம்ப் செய்திருக்கும்போது நீங்கள் 50 சேர்த்தால் மொத்தம் 400க்குப் போட்டி. எட்டில் ஒரு பங்கு போதும். இங்கே மட்டும் 50 சேர்த்து உள்ளே நுழைவதை நான் ஏற்கிறேன், எல்லாக் கைக்கும் அல்ல. பெரிதாக அமையக்கூடிய கைகளுக்கே அது பொருந்தும்: சிறிய ஜோடிகள், சூட்டட் ஏஸ்கள், அடுத்தடுத்து வரும் சூட்டட் சீட்டுகள், ஓர் இடைவெளி உள்ள சூட்டட் சீட்டுகள். கிங்-4 ஆஃப்சூட் போன்ற கைகள் நான்கு பேர் இருக்கும் ஆட்டத்தில் ஒரு ஜோடியோடு சிக்கிக்கொள்ளும் கைகள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

10 ஜோடிக்கு மேலும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், பெரிய சூட்டட் கைகளோடும் ரெய்ஸ் செய்யுங்கள். அளவு: 400, அதோடு லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் 100. இருவர் என்றால் 600. இதற்குக் குறைவாக வைத்தால் எல்லோரும் சேர்ந்து கால் செய்து, நான்கு பேர் நடுவில் உங்களை முதலில் பேச வைத்துவிடுவார்கள்.

7. ஒருவர் ரெய்ஸ், இன்னொருவர் கால்

கட்-ஆஃப் 250 வைத்து, பட்டன் கால் செய்திருக்கிறார் என்றால் நடுவில் 650 இருக்கிறது. கால் மட்டும் செய்தவரிடம் மிக வலுவான கை அரிதாகவே இருக்கும், இருந்திருந்தால் அவரே மறுரெய்ஸ் செய்திருப்பார். ஆகவே 1,300க்கு மறுரெய்ஸ் செய்வது பலன் தரும். 10 ஜோடிக்கு மேல், சூட்டட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-5, கிங்-குயின், ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின் போதும்.

கால் செய்ய இங்கே 100க்கு 24 பங்கே தேவைப்படுவதால், சிறிய ஜோடிகளும் ஜாக்-10 சூட்டட் போன்றவையும் கொஞ்சம் உயிர் பெறுகின்றன. பிக் பிளைண்டில் இருப்பவர் அடிக்கடி மறுரெய்ஸ் செய்பவராக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

8. பிக் பிளைண்டில் யார் என்பதைப் பொறுத்துத் திருத்துங்கள்

அடிப்படைப் பட்டியல் கைக்குப் பழகிய பிறகே இந்தத் திருத்தத்தைத் தொடங்குங்கள். முதல் நாளே எதிராளிக்கேற்ப மாற்றத் தொடங்குபவர்களுக்கு எது மாற்றம், எது அடிப்படை என்பதே மறந்துபோகிறது.

பிக் பிளைண்டில் இருப்பவர் மிக எளிதில் விலகுபவர் என்றால், 3ஆம் படியின் பட்டியலைக் கீழ்நோக்கி விரிக்கலாம்: 10-8 ஆஃப்சூட், 8-5 சூட்டட், ஜாக்-5 சூட்டட் போன்றவற்றைச் சேருங்கள். அவர் எல்லாவற்றையும் கால் செய்பவர் என்றால் 9-8 ஆஃப்சூட், 10-9 ஆஃப்சூட் போன்றவற்றை நீக்கிவிட்டு, பெரிய சீட்டுகளை 350 அல்லது 400க்கு ரெய்ஸ் செய்யுங்கள்; விலகாதவருக்கு எதிராக விலக வைக்கும் கைகளால் பயனில்லை. அடிக்கடி மறுரெய்ஸ் செய்பவர் என்றால் ஆஃப்சூட் ஏஸ்களில் 2, 3, 6, 7 ஆகியவற்றோடு வருபவற்றை முதலில் வெட்டுங்கள்.

9. பிளைண்ட் அளவும், ஆன்ட்டியும், சிப்பின் ஆழமும்

எல்லா மேசையிலும் ஸ்மால் பிளைண்ட் பிக் பிளைண்டின் பாதி அல்ல. காசினோக்களில் 1-3 என்ற மேசை பரவலானது. அங்கே லிம்ப் செய்ய 2 கொடுத்து 6க்குப் போட்டியிட வேண்டும். கால் பங்கு வாய்ப்புக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு தேவைப்படுகிறது. பட்டியலைச் சற்றுச் சுருக்குங்கள்.

டூர்னமென்டில் பிக் பிளைண்ட் அளவுக்கு, அதாவது 100 சிப்பு ஆன்ட்டி நடுவில் சேர்ந்தால் கணக்கு எதிர்த்திசையில் மாறுகிறது. 300க்கு ரெய்ஸ் செய்யும்போது 250ஐ வைத்து 250ஐ வெல்ல முயல்கிறீர்கள். இரண்டில் ஒரு முறை விலகினாலே போதும். லிம்ப்புக்கு ஆறில் ஒரு பங்கு போதும். பட்டன் 200க்கு மட்டும் ரெய்ஸ் செய்தால் 150 கொடுத்து 600க்குப் போட்டி, கால் பங்கே தேவை. ஆகவே 4ஆம் படியில் நான் தடுத்த காலும், 3ஆம் படியில் தடுத்த லிம்ப்பும் டூர்னமென்டில் நியாயமாகவே திரும்பி வருகின்றன. பணமேசையின் பட்டியலை அப்படியே அங்கே ஆடுபவர்கள் தேவைக்கு மேல் இறுக்கமாக ஆடி, ஆன்ட்டியிலேயே தேய்ந்துபோகிறார்கள்.

உங்களிடம் 1,000 சிப்புகள், அதாவது பத்து பிக் பிளைண்ட் மட்டுமே மிச்சம் என்றால், ஃப்ளாப்புக்குப் பிறகு ஆட இடமே இல்லை. முதலில் பேச வேண்டிய குறையும் அதோடு மறைந்துவிடுகிறது. எல்லோரும் விலகி உங்களிடம் வந்தால் அத்தனையும் வையுங்கள், இல்லையேல் வீசுங்கள். பாதிக்கு மேற்பட்ட கைகளை இப்படித் தள்ளலாம். பரிசுத்தொகை வரிசையை நெருங்கும் கட்டத்தில் மட்டும் இதைச் சுருக்க வேண்டும்.

10. த்ரீ-பெட் செய்வதற்கு முன்பே அடுத்த அடியை முடிவு செய்யுங்கள்

1,100 வைத்த பிறகு பட்டன் 2,400 வைத்தால் என்ன செய்வீர்கள்? சிப்புகளைத் தள்ளும் முன்பே இதற்குப் பதில் இருக்க வேண்டும். ஏஸ், கிங், குயின் ஜோடிகளும் ஏஸ்-கிங்கும் தொடரும் கைகள். ஜாக் ஜோடி, 10 ஜோடி, ஏஸ்-குயின் சூட்டட் ஆகியவை ஆளைப் பார்த்துக் கால் செய்யும் கைகள். ஏஸ்-5, கிங்-9, 10-9 போன்றவை வீசும் கைகள். முன்கூட்டியே முடிவு செய்யாதவர், “ஏற்கெனவே 1,100 வைத்துவிட்டேனே” என்று முதல் படியில் விலக்கிய அதே எண்ணத்துக்கு இருபத்திரண்டு மடங்கு தொகையோடு திரும்பிவிடுகிறார்.

11. பழகும் முறை

தாளில் வரைந்த கட்டத்தில் 3ஆம் படியின் பட்டியலை ஒரு நிறத்திலும், 4ஆம் படியின் பட்டியலை அதன்மேல் வேறொரு நிறத்திலும் தீட்டுங்கள். முன் இருக்கைகளுக்கான பட்டியல்களை அதற்குப் பின்னால் தனித் தாளில் வைத்துக்கொள்ளலாம். நான்கையும் ஒரே வாரத்தில் ஏற்றிக்கொள்ள முயன்று எதுவும் நிற்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் விலகும் சூழல் மட்டும், இரண்டாம் வாரம் பட்டன் ரெய்ஸ், அதன் பிறகே மற்றவை.

தினமும் சீட்டுக்கட்டைக் கலைத்து இரண்டிரண்டாக 50 முறை விரியுங்கள். ஒவ்வொரு முறையும் சீட்டைத் திருப்பும் முன் சூழலை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “எல்லோரும் விலகினார்கள்” அல்லது “பட்டன் 250”. சீட்டைத் திருப்பியதும் ரெய்ஸா, ஃபோல்டா என்று உடனே சொல்லிவிட்டுத் தாளோடு சரிபாருங்கள். எல்லோரும் விலகிய சூழலில் 50க்கு ஏறக்குறைய 21 கைகளும், பட்டன் ரெய்ஸ் சூழலில் 6 கைகளும் ஆடும் கைகளாக வர வேண்டும். ஒரு நாள் கணக்கில் ஏற்ற இறக்கம் இருக்கும். பத்து நாள்களைக் கூட்டிப் பார்த்தும் பட்டன் ரெய்ஸ் சூழலில் சராசரி 50க்கு 10ஐத் தொடுகிறது என்றால், எந்த ஆஃப்சூட் கைகள் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டன என்று தாளில் தேடுங்கள். என் அனுபவத்தில் அவை பெரும்பாலும் கிங்-ஜாக், ஏஸ்-10, குயின்-ஜாக் ஆகிய மூன்றாகவே இருக்கின்றன.